டம்மி டில்லிபாபு

எங்கள் பேண்டு சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு பதினாறு வருடமாக என் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. நான் கருணாகரன். சங்கத்தின் துணைச் செயலாளர், சைடு டிரம் அடிப்பவன். பதிவேட்டில் பெயர், தகப்பனார் பெயர், விலாசம், வாத்தியம் என்று நான்கு கட்டங்கள். அந்த நான்காவது கட்டத்தை நிரப்புவதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. கிளாரினெட், டிரம்பெட், சாக்ஸ், யூபோனியம், சைடு, பேஸ், ஜால்ரா என்று எழுதி, பக்கத்திலேயே 'கலைஞர்' என்று சேர்த்துக்கொள்வேன். மரக்காஸ் குலுக்குகிறவனைக்கூட விட்டதில்லை, அவனும் கலைஞர்தான்.

ஊர் எங்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள் வேறு. கோயில் வாசலில் நாதஸ்வரம் வாசித்தால் வித்வான். மேடையில் சம்மணம் போட்டுப் பாடினால் பாகவதர். ராயபுரத்தில் சந்து முனையில் நின்று கானா பாடினால் 'கானா பாடுற பையன்', அவனுக்குப் பேரன் பிறந்தாலும் பையன்தான். பறை அடிக்கிறவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று நான் எழுத மாட்டேன், எல்லாருக்கும் தெரியும். நாங்கள் பேண்டுக்காரர்கள். கல்யாணத்தில் 'ஏ பேண்டு', சாவு வீட்டில் 'யோவ் மோளம்'. மண்டபத்தில் வித்வானுக்கு இலை போடுவார்கள், எங்களுக்குத் தெருவுக்குப் பொட்டலம் வரும். முப்பது வருடமாக அந்தப் பொட்டலத்தை நின்றுகொண்டே தின்றவன் நான். அதனால்தான் 'கலைஞர்' என்ற சொல்லை எழுதும்போது பேனாவை அழுத்திப் பிடிப்பேன்.

அந்தப் பேனாதான் டில்லிபாபுவின் பெயரை எழுத மறுத்தது. இதைச் சொன்னால் எனக்கு நல்ல பேர் வராது. வராவிட்டால் போகட்டும்.

டில்லிபாபு ஒரு டம்மி. எங்கள் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இந்தச் சொல் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. கல்யாண வீட்டார் 'பதினாறு பேர் வேணும்' என்பார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒன்பது பேர் தேறுவார்கள். மீதி ஏழு பேருக்குச் சீருடை மாட்டி, தொப்பி வைத்து, உடைந்த வாத்தியம் ஒன்றைக் கையில் கொடுத்து வரிசையில் நிறுத்திவிடுவோம். ஆர்வக் கோளாறில் யாராவது நிஜமாகவே ஊதித் தொலைத்தால் மாஸ்டரின் பாட்டு கெட்டுப்போகும் என்று வாத்தியத்தின் வாயில் துணி அடைத்திருக்கும். டம்மியின் வேலை கன்னத்தை உப்புவது, விரலை ஆட்டுவது, கால் தப்பாமல் நடப்பது.

காலடிப்பேட்டையில் பிறந்தவர் டில்லிபாபு. பகலில் கண்டெய்னர் யார்டில் சங்கிலி கட்டும் வேலை. இருபத்து மூன்று வயதில் ஜெரால்ட் மாஸ்டரின் பேண்டு செட்டுக்கு வந்தார். ஆறடி உயரம், ஆலமரத்து மார்பு. ராயபுரத்தில் தன் கடை வாசலில் அவரைப் பார்த்ததுமே மாஸ்டர், "யூபோனியத்துக்குன்னே பொறந்த ஒடம்புடா" என்றார். யூபோனியம் என்பது மார்போடு குழந்தையைப் போல் அணைத்துப் பிடிக்க வேண்டிய பெரிய ஊதுகுழல். டில்லிபாபுவுக்குக் கொடுத்ததில் நடு வால்வு கிடையாது. வாய்ப்பக்கம் நசுங்கி, அடிப்பக்கம் எம்-சீல் வைத்து ஒட்டியிருந்தது. எடைக்கு எடுக்கக் காயலான் கடைக்காரனே யோசிப்பான்.

மாஸ்டரின் கடை தீப்பெட்டி அளவு. நல்ல வாத்தியங்களுக்கே அங்கே இடம் போதாது. அதனால் டம்மிகள் தங்கள் உடைந்த வாத்தியங்களை அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், சீருடையையும் அவரவரே துவைத்துக்கொள்ள வேண்டும். டில்லிபாபு வீட்டில் அந்த யூபோனியம் டிவிக்கு மேலே ஆணியில் தொங்கியது. அவர் மனைவி அன்புக்கரசி வாரம் தவறாமல் அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுவார். அம்மா வீடு எண்ணூரில், அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில். "எங்கம்மா வூட்டு மொட்ட மாடில தானா வந்து வுழுவுது சாம்பலு, இதுக்காச்சும் ஒதவட்டும்" என்பார். எங்கள் செட்டில் வாசிக்கிற வாத்தியங்கள் கறுத்துக் கிடக்கும், வாசிக்காத அந்த ஒன்று மட்டும் கண்ணைப் பறிக்கும்.

அன்புக்கரசி யார்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தவர். நாற்பது அடி டிரெய்லரை ஓட்டி வருகிறவனை, "டேய், வண்டிய ஓரமா போட்டுட்டு வந்து துன்னு" என்று அவர் அதட்டினால் அந்த வண்டி ஓரமாகப் போகும். அப்படி ஒரு தொண்டை. அவர் வீட்டில் டில்லிபாபு வாயில்லாப் பூச்சி என்று நாங்கள் கிண்டல் செய்வோம். ஊதாத வாய்க்கு ஏற்ற பெண்சாதி.

எனக்கு டில்லிபாபு மேல் ஒரு பழைய கோபம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் எண்ணூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் மாமாவுக்கு எப்படியோ சந்தேகம் வந்துவிட்டது. நேராக டில்லிபாபுவிடம் வந்து, "எங்க, நீ மட்டும் தனியா ஊது பாக்கலாம்" என்றார். எந்த டம்மியும் அந்த இடத்தில் உதடு வெடித்திருக்கிறது, தொண்டை கட்டியிருக்கிறது என்று ஏதாவது சொல்லித் தப்பிப்பான். டில்லிபாபு வாத்தியத்தை இறக்காமலேயே சொன்னார்:

"நான் டம்மி சார். எனக்கு ஊத வராது. ஆனா காலைலேர்ந்து வெயில்ல நின்னுகினு கீறேன். கால் தப்புனா சொல்லுங்க, உங்க செருப்பாலயே அடிங்க."

அந்த மாமா சிரித்துவிட்டார், ஒரு கோலி சோடாகூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்தக் குடும்பத்திலிருந்து யாரும் மறுபடி எங்களைக் கூப்பிடவே இல்லை. திரும்பி வரும்போது வேனில் நான் கத்தினேன்.

"வாய மூடிகினு இருந்திருக்கலாம்ல? உன்னால செட்டு மானமே போச்சு."

"நெசத்த சொன்னா எப்டிண்ணே மானம் போவும்?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாதவர் போலக் கேட்டார். எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது.

அதற்கு நான்கு வருடம் கழித்து அவர் சங்கத்தில் சேர மனு எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். சங்கத்தில் சேர எல்லாரும் ஆசைப்படுவதற்குக் காரணம் ஒன்றுதான். உறுப்பினர் செத்தால் வடசென்னையில் இருக்கிற எல்லா செட்டிலிருந்தும் ஆட்கள் சீருடையோடு வருவார்கள். வீட்டிலிருந்து சுடுகாடு வரைக்கும் அத்தனை வாத்தியமும் சேர்ந்து முழங்கும். இதற்குச் சங்க மரியாதை என்று பெயர். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் பிணத்துக்கு முன்னால் வாசித்தவனுக்கு, தனக்கும் அது கிடைக்க வேண்டும் என்று இருக்காதா?

மனுவில் வாத்தியம் என்ற இடத்தில் 'டம்மி' என்று எழுதியிருந்தார்.

"இன்னாயா இது? யூபோனியம்னு எழுதுயா. ஏற்கெனவே நாலு பேர் பேஸ் டிரம்முன்னு எழுதிட்டு உள்ள வந்து கீறானுங்க. மூணு பேர் முன்னாடி ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டணும்னு சட்டம் இருக்குது, நான் கண்டுக்காம வுட்டுடறேன்."

"வேணாம்ணே. நான் ஊதறவன் இல்ல, நிக்கிறவன். அப்டியே எழுது."

"டம்மின்னு ஒரு வாத்தியம் எந்த ஊர்லயா கீது?"

அவர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு ஒருவனுக்குக் 'கலைஞர்' என்று எழுதி முடித்த பக்கம் அது. "நல்லா அழுத்தி எழுதறண்ணே நீ" என்று சொல்லிவிட்டு மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் சிரித்தேன். அன்று மாலையே டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியும் சிரித்தேன். தெருவில் நின்று பொட்டலம் தின்கிறவனுக்கும் ஒரு ஆள் கீழே வேண்டியிருக்கிறது. எனக்கு டில்லிபாபு இருந்தார்.

போன ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் டில்லிபாபு செத்துப்போனார். யார்டுக்குக் கிளம்பிச் சட்டை மாட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தைந்து வயது. பத்து மணிக்கெல்லாம் அன்புக்கரசி சங்க அறைக்கு வந்துவிட்டார். ராயபுரத்தில் ஒரு டீக்கடைக்கு மேலே மாடி அறை எங்களுடையது. கூட முபாஷிர் வந்திருந்தான். அவனும் மாஸ்டர் செட்டில் டம்மி, டிரம்பெட் பிடிப்பவன். அறையில் நானும் ஜெரால்ட் மாஸ்டரும் செயலாளர் செங்குட்டுவனும் இருந்தோம்.

அன்புக்கரசி அழுது முடித்துவிட்டு வந்திருந்தார் என்று முகம் சொன்னது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மூணு மணிக்கு எடுக்கறோம். சங்க மரியாத வேணும்."

செங்குட்டுவன் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாதவன் மாதிரி.

"அவரு மெம்பர் இல்லமா" என்றார் செங்குட்டுவன். "சட்டத்துல எடம் இல்ல. எனக்கும் கஷ்டமாத்தான் கீது."

"அப்பவே யூபோனியம்னு எழுதச் சொன்னேன்" என்றேன் நான். "புடிவாதம் புடிச்சாரு."

"ஓ" என்றார் அன்புக்கரசி. "பொய் எழுதனா கலைஞரு. நெசம் எழுதனா டம்மி. நல்லா கீதுண்ணே உங்க சட்டம்."

"அப்டி இல்லமா, வாசிக்கிறவங்களுக்குன்னு..."

"இருவத்திரெண்டு வருசம் ஊரான் சாவுக்கெல்லாம் வந்து நின்னாரு. நீங்க வாசிச்சீங்க, அவரு நின்னாரு. நடுவுல நீங்க பீடி புடிக்க ஒக்காந்தப்பகூட வரிச கலைய கூடாதுன்னு அவரு நின்னுகினேதான் இருந்தாரு. எட்டு கிலோ பித்தள. தோள்பட்டைல காய்ப்பு காச்சிகினு கீது, வந்து பாருங்க, இப்பவும் பொட்டில அந்தக் காய்ப்போடதான் படுத்துகினு கீறாரு. அவருக்கு நீங்க ஒரு நாள் வந்து நிக்க மாட்டீங்க?"

ஜெரால்ட் மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "சங்கத்த வுடு அன்பு. நான் தனியா கிளாரினெட்ட எடுத்துகினு வரேன். ஒரே ஒரு பாட்டு..."

"பிச்ச போடாதீங்க மாஸ்டர். காசு குடுத்து மோளம் வெச்சுக்க எனக்குத் தெரியாதா? நான் கேட்டு வந்தது மரியாத. கீதா, இல்லியா?"

நான் பதிவேட்டை மூடினேன். அன்புக்கரசி முபாஷிர் பக்கம் திரும்பி, "உங்க ஆளுங்களுக்கெல்லாம் போன போடு. ட்ரெஸ்ஸோட வரச் சொல்லு. வாத்தியம் அவங்கவங்க வூட்லதான கீது?" என்றார். படியில் இறங்கும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு நான் காலடிப்பேட்டைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், மனது உறுத்தியது. டிரம்மையும் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். எடுக்கும்போது ஓரமாக நின்று ஒரு உருட்டு உருட்டிவிட்டு வந்தால் பாவம் கழிந்துவிடும் என்று ஒரு கணக்கு. புண்ணியமும் கிடைக்கும், சட்டமும் உடையாது.

சந்துக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு வரிசையாக டம்மிகள் நின்றிருந்தார்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று எல்லா செட்டு டம்மிகளும். சிவப்புச் சீருடை, நீலச் சீருடை, வெள்ளைச் சீருடை என்று ஆளுக்கு ஒரு நிறம். கையில் பட்டன் இல்லாத சாக்ஸ், மூக்கு உடைந்த டிரம்பெட், தோல் கிழிந்த டிரம். அத்தனையும் தேய்த்துத் தேய்த்துப் பளபளத்தன. பூ ஜோடித்த வண்டியில் டில்லிபாபு சீருடையோடு படுத்திருந்தார், பித்தளைப் பொத்தான்கள் கழுத்து வரை மாட்டியிருந்தன. தலையில் தொப்பி இல்லை.

தொப்பி அன்புக்கரசி தலையில் இருந்தது. இறகு வைத்த சிவப்புத் தொப்பி, கீழே கைத்தறிச் சேலை, கையில் அந்த யூபோனியம். முதல் வரிசையில் வலப்பக்கம், இருபத்திரண்டு வருடமாக டில்லிபாபு நின்ற அதே இடம்.

சொந்தக்காரர் ஒருவர் பதறிப்போய் வந்தார். "இன்னாமா கூத்து இது? பொம்பளைங்க தெரு முனையோட நின்னுக்கணும். சுடுகாட்டுக்கு வர்றது வழக்கமா?"

"வரிச ஒத்தப்படையா கீது மாமா. அவரு எடம் காலி. வா, வந்து இத்த நீ தூக்கு, நான் முனையோட நின்னுக்கறேன்."

அவர் யூபோனியத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

வண்டி நகர்ந்தது. நான் எத்தனையோ சாவு ஊர்வலம் பார்த்தவன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கன்னங்கள் உப்பின, விரல்கள் ஓடின, டிரம் குச்சிகள் ஏறி இறங்கின. சத்தம் மட்டும் இல்லை. ஷூக்கள் தரையில் படுவது மட்டும் கேட்டது, எல்லாம் ஒரே நேரத்தில். பட்டாசு இல்லை, விசில் இல்லை. கூட வந்த ஜனங்களும் தானாகவே வாயை மூடிக்கொண்டார்கள்.

ஊர்வலம் மெட்ரோ பாலத்துக்குக் கீழே பெரிய சாலைக்கு வந்தது. அந்தப் பாலத்தடி எங்களுக்கெல்லாம் உயிர். அங்கே வாசித்தால் சத்தம் மேலே முட்டி இரண்டு மடங்காகத் திரும்பி வரும். பின்னால் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசையாக மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தன. முதல் வண்டி டிரைவர் எட்டிப் பார்த்தான். தொப்பிக்குக் கீழே இருந்த முகம் அவனுக்குத் தினமும் இட்லி வைத்த முகம். ஹாரனை விட்டான், எஞ்சினையும் நிறுத்தினான். பின்னால் ஒவ்வொரு எஞ்சினாக நின்றது.

டீக்கடையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "இன்னாக்கா, பேண்டு கீது, சத்தமே காணோம்?"

அன்புக்கரசி நின்றார். வரிசை மொத்தமும் அதே அடியில் நின்றது. யூபோனியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு, யார்டு வாசலில் வண்டிகளை அதட்டுகிற அந்தக் குரலில் சொன்னார்:

"இவங்க எல்லாரும் டம்மி! வண்டில படுத்துகினு கீறவரும் டம்மி! எங்க யாருக்கும் வாசிக்க வராது. வாசிக்கத் தெரிஞ்சவங்கள மரியாதயா போய்க் கூப்ட்டேன், வர்ல!"

பாலத்தடி அதையும் இரண்டு மடங்காக்கித் திருப்பிக் கொடுத்தது. என் முகத்தில் காறித் துப்பியது போலிருந்தது. அடுத்த முனையிலும் ஒருவர் கேட்டார், அதே பதில். அதற்கடுத்த முனையில் யாரும் கேட்கவில்லை, அவரே நிறுத்திச் சொன்னார். மூன்றாவது தடவை என்னால் ஓரமாக நடக்க முடியவில்லை. முன்னால் ஓடிப்போய் டிரம்மை இழுத்துவிட்டுக்கொண்டு குச்சியை உயர்த்தினேன்.

"அண்ணே. குச்சிய எறக்கு."

"ஒரே ஒரு உருட்டுமா. என் மனசு கேக்கல."

"உன் மனசுக்காக இல்ல இந்த ஊர்வலம். இன்னிக்கி சத்தம் வேணாம். வரணும்னா கடைசில முபாஷிர் பக்கத்துல ஒரு எடம் கீது. டம்மியா வா."

நான் போய் நின்றேன். என்ன பெரிய வேலை, சும்மா நடக்க வேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டே நின்றேன். குச்சி தோலில் படக்கூடாது, ஒரு விரல்கடை மேலேயே நிற்க வேண்டும். நூறு அடி போவதற்குள் மணிக்கட்டு வலி எடுத்தது. அடிப்பதற்குத்தான் என் கைக்குப் பழக்கம், அடிக்காமல் நிறுத்துவதற்கு இல்லை. அதைவிடக் கேவலம் கால். முப்பது வருடம் தாளம் போட்டவன் நான். காதில் பாட்டு இல்லாமல் என் கால் எங்கே போவது என்று தெரியாமல் தடுமாறியது.

"எடது காலுண்ணே" என்று முபாஷிர் உதடு அசையாமல் சொன்னான்.

"பாட்டு இல்லாம எப்டிடா உங்களுக்கு அடி தெரியுது?"

"முன்னாடி கீறவன் குதிகாலப் பாருண்ணே. டில்லிண்ணன் சொல்லிக் குட்த்தாரு. பாட்டு நடுவுல நின்னு பூடும், குதிகாலு நிக்காதும்பாரு."

குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சட்டை முழுக்க வியர்வை. எண்ணூர்க் கல்யாணத்தில் 'வெயில்ல நின்னுகினு கீறேன்' என்று அவர் சொன்னது இதைத்தான் என்று அப்போது உறைத்தது. பத்து வருடம் கழித்து, அவர் பிணத்துக்கு முன்னால் நடக்கும்போது உறைத்து என்ன பிரயோஜனம்?

சுடுகாட்டு வாசலில் வரிசை இரண்டாகப் பிரிந்து வண்டிக்கு வழிவிட்டது. அன்புக்கரசி மட்டும் கூடவே உள்ளே போனார். யாரும் தடுக்கவில்லை. யூபோனியத்தையும் கூட வைத்துவிடலாமா என்று வெட்டியான் கேட்டதற்கு, "இல்ல, இது இனிமே என்னுது" என்றார்.

சொன்னபடியே செய்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஜெரால்ட் மாஸ்டர் கடைக்குப் போய், டில்லிபாபுவின் இடத்தில் தான் நிற்கப்போவதாகச் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். மாஸ்டர் தையற்காரரைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அதற்குள் விஷயம் வடசென்னை முழுக்கப் பரவியிருந்தது. டீக்கடையில் எங்களைப் பார்த்தால், "வாசிக்கத் தெரிஞ்சவங்க வந்துட்டாங்கபா" என்று எழுந்து வழிவிட்டார்கள். செங்குட்டுவனுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. அன்புக்கரசி புதுச் சீருடையில் மாடி ஏறி வந்தார். பின்னால் படி முழுக்க டம்மிகள். மேசை மேல் ஒரு மனுவை வைத்தார். டில்லிபாபு ஆறு வருடத்துக்கு முன்னால் மடித்து எடுத்துக்கொண்டு போன அதே காகிதம். அதற்கு மேல் இவருடையது இன்னொன்று.

செங்குட்டுவன் இரண்டையும் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யூபோனியம்னு எழுதிடலாம்மா. ரெண்டு பேருக்குமே. பிரச்சின முடிஞ்சிது."

"எனக்கு யூபோனியம் வாசிக்க வருமா?"

"வராது. அதனாலதான்..."

"அப்ப எதுக்குப் பொய்? செத்தவரு சொல்லாத பொய்ய நான் சொல்லிட்டுப் போவணுமா? டம்மின்னு எழுதுங்க."

"சட்டப்படி மூணு பேர் முன்னாடி ஒரு பாட்டு..."

"தெரியும். மாஸ்டர், எடுங்க."

ஜெரால்ட் மாஸ்டர் கிளாரினெட்டை எடுத்து ஒரு பாட்டு வாசித்தார், முழுதாக ஆறு நிமிடம். அன்புக்கரசி யூபோனியத்தை அணைத்துக்கொண்டு நின்றார். நானும் செங்குட்டுவனும் பொருளாளரும், மூன்று பேராக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தோம். எங்கே கன்னம் உப்ப வேண்டுமோ அங்கே உப்பியது, எங்கே மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே வாங்கினார். கால் நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் ஏறி இறங்கியது. மாஸ்டர் வேண்டுமென்றே நடுவில் பாட்டை நிறுத்தினார். அந்தக் கால் நிற்கவில்லை. மாஸ்டர் மறுபடி எடுத்தபோது சரியாக அந்த அடியில்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பாட்டு முடிந்தது. செங்குட்டுவன் என் பக்கம் பதிவேட்டைத் தள்ளினார்.

முதலில் டில்லிபாபு பெயரை எழுதினேன், இறந்த தேதியோடு. வாத்தியம் என்ற கட்டத்தில் 'டம்மி' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் 'கலைஞர்' என்று எழுதத் தொடங்கினேன். அன்புக்கரசி மேசைமேல் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, நீ அழுத்தி எழுதுவன்னு அவரு வூட்ல வந்து சொல்லிகினே இருப்பாரு. இதையும் அழுத்தி எழுது."

அழுத்தித்தான் எழுதினேன். அதற்குக் கீழே அவர் பெயரையும் எழுதினேன். அத்தோடு அந்தப் பக்கம் நிறைந்துவிட்டது. புரட்டினால், எழுதியது அடுத்த பக்கம் வரைக்கும் பதிந்திருந்தது. படியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மேசைக்கு வந்தார்கள். அந்தத் தடத்தின் மேலேதான் முபாஷிரின் பெயரை எழுதினேன்.